பட்ட மரம் துளிர்க்குமா?



இம்மாதம் ஒரு மரத்தைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன். அதன் இனம் ஆல். வயது முப்பதுக்கு மேல். உயரமோ ஒன்றரை அடிதான். ஏரிக்கரையில் நின்றிருந்தால் இந்நேரம் பத்து மாட்டு வண்டிகளுக்கு நிழல் தந்திருக்கும். ஆனால் அது வளர்ந்தது இரண்டு சாண் நீளமுள்ள ஒரு தட்டில். போன்சாய் என்று ஜப்பானியர் வழங்கும் கலையின் வழி வளர்க்கப்பட்ட மரம் அது. 'போன்' என்பது தட்டு; 'சாய்' என்பது நடுதல். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த இக்கலை, நம் ஊர் மொட்டை மாடிகளுக்கும் வந்து சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்வண்டியில் கூடுவாஞ்சேரியைக் கடந்தால் வருவது பொத்தேரி. பெருஞ்சாலையும், பல்கலைக்கழக மாணவர் கூட்டமும், ஓங்கி எழும் அடுக்குமாடிகளும் ஊரின் முகத்தை மாற்றிவிட்டன. எனினும் ஏரியும் பழைய தெருக்கள் சிலவும் இன்னும் இருக்கின்றன. அத்தகைய தெரு ஒன்றில், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாழ்ந்து வந்தார். பறவை எச்சத்தில் விழுந்து, ஒரு பழஞ்சுவரின் விரிசலில் முளைத்திருந்த ஆலங்கன்றை அவர் தம் இளமையில் பெயர்த்து வந்து தட்டில் வைத்தார். கவாத்து செய்தும், கம்பி சுற்றி வளைத்தும், ஈராண்டுக்கு ஒருமுறை வேர் நறுக்கி மண் மாற்றியும் அதை வளர்த்தார். குடைபோல் விரிந்த தலையும், பக்கத்துக்கொன்றாய் நீண்ட இரு பெருங்கிளைகளுமாக அது நின்ற அழகை நானும் கண்டிருக்கிறேன்.

2022ஆம் ஆண்டில் அப்பெரியவர் மறைந்தார். மரம் அவர் மனைவியாரின் பொறுப்புக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, அந்த அம்மையார் ஆட்டோவில் அத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து பங்கு இல்லத்தின் வாசலில் இறங்கினார். மரத்தில் ஓர் இலைகூட இல்லை. கையில் பழைய புகைப்படம் ஒன்றை வைத்திருந்தார்.

"அவங்க இருந்தப்போ எப்படி இருந்துச்சோ, அப்படியே திரும்ப வருமா சாமி?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிச் செல்பவன் நான். நிலத்தில் நட்ட மரத்தை உடன் எடுத்துச் செல்ல இயலாது. ஆதலின் தொட்டி மரங்களோடு எனக்கு நெடுநாள் பழக்கம். வல்லுநன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பல மரங்களைச் சாகவிட்டுக் கற்றுக்கொண்டவன் என்றால் பொருந்தும்.

தாகமா, மூச்சுத் திணறலா?

"எப்போது வாடத் தொடங்கிற்று அம்மா?" என்றேன்.

"மார்கழியில, சாமி. இலை தொங்க ஆரம்பிச்சுது. தண்ணி பத்தலையோன்னு காலையிலயும் சாயங்காலமும் ஊத்தினேன். ஒரு நாளும் விட்டதில்ல."

தட்டைக் கையில் தூக்கியதுமே விடை தெரிந்தது. கருங்கல்லைப் போலக் கனத்தது. அடியிலிருந்த வடிகால் துளைகள் இரண்டையும் வேர்கள் பின்னி அடைத்திருந்தன. கணவர் மறைந்தபின் மண் மாற்றப்படவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழை சென்னையையும் செங்கற்பட்டு மாவட்டத்தையும் நனைத்தெடுத்தது அல்லவா? அப்போது தட்டு குட்டையாகியிருக்கிறது. அதன் பின்னும் அம்மையார் நாள்தோறும் இருவேளை நீர் வார்த்திருக்கிறார்.

தொட்டிச் செடி வளர்க்கும் இல்லத்தார் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. வேருக்கு நீர் வேண்டும். அதே அளவு காற்றும் வேண்டும். மண் துகள்களின் இடுக்குகளில் இருக்கும் காற்றைக் கொண்டே வேர் மூச்சுவிடுகிறது. அவ்விடுக்குகள் நாட்கணக்கில் நீரால் நிறைந்திருந்தால் வேர் திணறிச் சாகிறது. செத்த வேரைப் பூஞ்சணம் தின்கிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே, நீருக்குள் நின்றுகொண்டே மரம் தாகத்தால் வாடுகிறது. வறட்சியால் தொங்கும் இலையும், நீர்த்தேக்கத்தால் தொங்கும் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவர் ஒன்றைக் காப்பாற்றுவார், மற்றொன்றைக் கொல்வார்.

இதை அந்த அம்மையாரிடம் எப்படிச் சொல்வது என்று சற்றுத் தயங்கினேன். கணவரின் நினைவாக ஒரு நாளும் தவறாது செய்த பணியே மரத்துக்குக் கேடாயிற்று என்பதைக் கேட்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் மறைத்தால், மரம் பிழைத்தாலும் அது மீண்டும் மூழ்கும். சொன்னேன். அவர் நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நான்தான்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"துளை அடைத்தது வேர், நிறைத்தது மழை, நீங்கள் ஊற்றியது மூன்றாவது" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யன்று.

நகத்தால் ஒரு சோதனை

மரம் உயிரோடு இருக்கிறதா என அறிய எளிய வழி ஒன்று உண்டு. பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. மரத்தைப் பருக்கச் செய்வது அதுவே. அவ்விடம் பசுமையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக உலர்ந்திருந்தால் அப்பகுதி பட்டுவிட்டது. ஆல், அரசு, அத்தி போன்றவற்றில் இன்னோர் அடையாளமும் உண்டு: உயிருள்ள இடத்தைக் கீறினால் பால் கசியும்.

நுனியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கீறிக்கொண்டே வந்தோம். உச்சி, பழுப்பு. இடப் பெருங்கிளை முழுவதும் பழுப்பு. வலப் பெருங்கிளை, அதுவும் அடிவரை பழுப்பு. நடுமரத்தின் மேற்பாதி உலர்ந்த விறகு. அதற்குக் கீழே முன்பக்கத்தில் நீண்ட கோடாகப் பட்டை செத்திருந்தது. அம்மையாரின் முகம் கீறலுக்குக் கீறல் இருண்டுகொண்டே வந்தது. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பின்புறமாக ஒரு சிறு கிளை இருந்தது. பெரியவர் அதை மரத்துக்குப் பின்னணியாக விட்டு வைத்திருந்தார். முன்னின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அதைக் கீறினேன். பசுமை தெரிந்தது. நொடிப்பொழுதில் ஒரு துளி பால் திரண்டது.

மரத்தில் முக்கால் பங்கு போயிற்று. கால் பங்கு இருந்தது. உயிர் முடியும் எல்லையில் ஒரு வெள்ளை நூலைக் கட்டி வைத்தேன்.

அன்றே தட்டிலிருந்து மரத்தைப் பெயர்த்தோம். சாதாரணமாக மண் மாற்றுவதற்குக் காலம் பார்க்க வேண்டும். அழுகல் கண்டபின் காலம் பார்த்தல் ஆகாது. கருத்த வேர்கள் நாற்றமடித்தன. இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று, உள்நரம்பு மட்டும் கையில் நின்றது. அவற்றையெல்லாம் கொதிநீரில் துடைத்த கத்தரியால் நீக்கினோம். எஞ்சிய வெண்வேர்கள் ஒரு கைப்பிடிதான். தட்டில் வைக்காமல், ஆழமும் அகலமுமான சுடுமண் தொட்டியில் நட்டோம். செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு கைப்பிடி, இதுவே மண். மணலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோவளம், மாமல்லபுரம் பக்கம் சென்று வருவோர் கடற்கரை மணல் அழகாயிருக்கிறதே என்று பையில் அள்ளி வருவதுண்டு. அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். தொட்டிக்கு அது உதவாது.

உரம் இடவில்லை. இலையும் வேரும் இல்லாத மரத்துக்கு உரமிடுதல், மயங்கிக் கிடப்பவன் வாயில் விருந்தைத் திணிப்பதற்கு ஒப்பாகும். வேப்ப மர நிழலில் தொட்டியை வைத்து, கிளையின் மேல் தெளிவான பிளாஸ்டிக் உறையைத் தளர்த்தியாகக் கவிழ்த்தோம். நீர் வார்ப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே? தென்னை ஈர்க்கு ஒன்றை மண்ணில் ஆழச் செருகி வைத்தேன். காலையில் உருவிப் பார்க்க வேண்டும். ஈர்க்கின் கீழ்ப்பகுதி ஈரமாயிருந்தால் அன்று நீர் இல்லை. உலர்ந்திருந்தால் மட்டுமே உண்டு.

மரம் ஆற்றுவதில்லை, அடைக்கிறது

"பட்ட கிளைகளை இப்போதே வெட்டிவிடலாமா சாமி? பார்க்கச் சகிக்கல" என்றார் அம்மையார்.

வேண்டாம் என்றேன். அவசரப்பட்டுக் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. முன்னர் ஒரு பங்கில் இருந்தபோது, தொட்டியில் வளர்த்த புளிய மரம் ஒன்று கோடையில் நுனியிலிருந்து காயத் தொடங்கிற்று. காய்ந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினேன். காய்தல் வெட்டைக் கடந்து இறங்கியது. மறுபடி வெட்டினேன். உயிர் இருக்கிறதா என்று நாள்தோறும் கீறிப் பார்த்தேன். துளிர்க்கட்டும் என்று உரமும் இட்டேன். ஒரு மாதத்தில் கையில் மிஞ்சியது கட்டை.

பிற்காலத்தில்தான் அதன் காரணத்தை அறிந்தேன். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்து, காயங்களின் உட்புறத்தை ஆராய்ந்தார். 1977இல் அவர் வெளியிட்ட விளக்கம் மர மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. மனித உடல் புண்ணுற்றால், கெட்ட திசுவை நீக்கி அவ்விடத்தே புதுத் திசுவை வளர்க்கிறது. மரத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. கெட்டுப்போன கட்டை கெட்டதே. மரம் செய்வது வேறு: கேடு பரவாதபடி, புண்ணைச் சுற்றிலும் தன் திசுக்களுக்குள்ளேயே தடைச் சுவர்களை எழுப்புகிறது, பிறகு புதிய வளையங்களை வெளிப்புறமாக வளர்த்து, பழம்புண்ணை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. சுவர் எழுமுன் நாம் வெட்டினால் அது எழவிருந்த இடத்தைச் சிதைத்தவர்களாவோம். வெட்டின் மேல் தார் பூசினாலும் வேறு பூச்சுப் பூசினாலும் உள்ளே அழுகல் நின்றுவிடாது என்பதும் அவர் காட்டியதே. விளிம்பு உலராதிருக்கப் பூச்சு உதவலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது.

ஆகவே, நூல் கட்டிய எல்லையில் மரம் தன் சுவரை எழுப்பட்டும் என்று காத்திருந்தோம். மார்ச் கடந்தது. அம்மையார் வாரந்தோறும் ஞாயிறு காலையில் வந்து தொட்டியைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். காய்தல் நூலுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கி, அங்கே நின்றது. ஏப்ரல் நடுவில், பின்புறச் சிறுகிளையின் கணுவில் சிவந்த முனையொன்று தென்பட்டது. மே மாத வெயிலில் ஐந்து இலைகள் விரிந்தன. அடிமரத்தில், எவரும் எதிர்பாராத இடத்தில், உறங்கிக் கிடந்த மொட்டு ஒன்றும் பட்டையைப் பிளந்துகொண்டு வெளிவந்தது.

மரம் பிழைத்தது. ஆனால் புகைப்படத்திலிருந்த மரம் பிழைக்கவில்லை.

தாய்மரம் இன்றி நிற்கும் ஆல்

உண்மையான சிக்கல் இப்போதுதான் எழுந்தது. உச்சி இல்லை, பெருங்கிளைகள் இரண்டும் இல்லை. உயிருள்ள கிளையோ பின்புறத்தில் இருக்கிறது. பட்ட கிளைகளை அப்படியே நிறுத்தி, புதுக்கிளைகளை அவற்றின் மேல் படரவிட்டு, பழைய வடிவத்தை ஒருவாறு ஒப்பேற்றலாம் என்பது அம்மையாரின் விருப்பம். அக்கிளைகளை வளைத்தது கணவரின் கை அல்லவா?

ஜப்பானியர் பட்ட கிளைகளை நிறுத்தி வைப்பதுண்டு என்பது மெய்யே. பட்டை உரித்து வெளுத்த கிளைக்கு 'ஜின்' என்றும், அடிமரத்தில் வெளுத்த நெடுங்கோட்டுக்கு 'ஷாரி' என்றும் பெயர். மலைமுகட்டில் இடியும் பனியும் தாக்கிய மரத்தின் தோற்றத்தை அது தரும். ஆனால் அங்கே அதற்கு வாய்த்தது ஜூனிபர் போன்ற, பிசின் நிறைந்த, எளிதில் அழுகாத கட்டை. ஆலின் கட்டை மென்மையானது. நம் கடலோர ஈரக்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு கரையான் வரும். அங்கிருந்து உயிருள்ள பகுதிக்கும் கேடு இறங்கும். வைரம் பாய்ந்த புளியாயிருந்தால் ஒருவேளை யோசித்திருக்கலாம்.

சொல்லால் விளக்கி அவர் மனம் தேறவில்லை. எனவே, "சென்னைக்குப் போகும்போது அடையாறு ஆலமரத்தை ஒருமுறை பார்த்து வாருங்கள் அம்மா" என்றேன்.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள அம்மரத்துக்கு ஏறத்தாழ 450 வயது என்பர். அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் அதன் நிழலில் பெருங்கூட்டங்கள் நடந்தன. 1989ஆம் ஆண்டில் வீசிய புயற்காற்றில் அதன் நடுமரம் வேரோடு சாய்ந்தது. அதை மீட்க மேற்கொண்ட முயற்சிகள் பயன் தரவில்லை. ஆயினும் மரம் சாகவில்லை. கிளைகளிலிருந்து இறங்கி மண்ணில் ஊன்றியிருந்த விழுதுகள் அதற்குள் தாமே அடிமரங்களாகிவிட்டிருந்தன. நான் அதை முதன்முதல் பார்த்தபோது நடுமரம் ஏற்கெனவே வீழ்ந்துவிட்டிருந்தது. நிழலுக்கு ஒரு குறையும் இல்லை.

கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் சிப்பூர் தாவரத் தோட்டத்திலுள்ள பேராலமரத்தின் கதையும் இதுவே. 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அம்மரம் 1864, 1867ஆம் ஆண்டுகளின் பெரும் புயல்களில் முறிவுற்றது. முறிந்த இடங்களில் பூஞ்சணம் நுழைந்தது. ஐம்பதடிச் சுற்றளவுள்ள மூல அடிமரம் உள்ளூர அழுகிற்று. 1925இல், எஞ்சியதைக் காப்பதற்காக அதை வெட்டியகற்றினர். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல், நடுவின்றி, அது ஒரு காடுபோல் நிற்கிறது. 2020 மே மாதத்தில் அம்பன் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியபோதும் மற்றப் பகுதி நின்றது.

ஆலுக்கு இயற்கை தந்த வழி இது. ஒரே தூணின் மேல் அது நிற்பதில்லை. விழுது காற்றில் தொங்கும்வரை நூல்போல் மெலிந்திருக்கும். மண்ணைத் தொட்டதும் விரைந்து பருத்துத் தூணாகும். ஆகவே ஆலைத் திருத்தி அமைப்பவன் ஜப்பானிய மலை மரத்தைப் பார்த்து அமைக்க வேண்டியதில்லை. ஆலையே பார்த்து அமைக்கலாம்.

ஜூன் மாதத்தில் அம்மையார் தம் மகளுடன் அடையாறு சென்று வந்தார். அடுத்த ஞாயிறன்று தொட்டியருகே வந்து நின்று, "தாய்மரம் இல்லாமலே அத்தனையும் நிக்குது சாமி" என்றார். சற்றுப் பொறுத்து, "வெட்டிடலாம்" என்றார்.

வெட்டும் வடிவும்

வெட்டியவர் அவரே. ரம்பத்தை நான் பிடித்துக் காட்டினேன்; இழுத்தது அவர் கை. பட்ட மேற்பாதியை, உயிருள்ள கிளைக்குச் சற்று மேலே, நீர் தங்காதவாறு சாய்வாக அறுத்தோம். கட்டையை நீளமாக விட்டால் அது மீண்டும் காய்ந்து கீழிறங்கும்; உயிர்த்தளிரை ஒட்டி வெட்டினால் அத்தளிரின் வளர்ச்சி வெட்டை மூடும். பின்னர் தொட்டியை அரைவட்டம் திருப்பினோம். இதுவரை முதுகாக இருந்தது முகமாயிற்று. முன்புறத்தில் செத்த பட்டையின் கோடு பின்னால் மறைந்தது. ஒளிந்திருந்த சிறுகிளை முன்னே வந்தது.

அதை நிமிர்த்திப் புது உச்சியாக்க வேண்டும். கம்பி சுற்றவில்லை. மழைக்காலத்தில் ஆல் விரைந்து பருக்கும். ஒரு மாதம் மறந்தால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். சணல் கயிற்றால் கட்டி, தொட்டியின் விளிம்பில் இழுத்து, வாரத்துக்குச் சிறிதாக வளைத்தோம். அப்போது அம்மையார் அக்கிளையின் அடியில் விரலை வைத்து நின்றார். திருகுபோல் சுற்றிய ஒரு தழும்பு அங்கே இருந்தது. எப்போதோ பெரியவர் சுற்றிய கம்பியைக் கழற்ற மறந்திருக்கிறார். அது பதிந்த வடு.

"ஆஸ்பத்திரியில இருந்தாங்களே, அப்போ கழட்டாம விட்டது" என்றார். அவ்வடுவை மறைக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

விழுதுக்காக வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருந்தோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பகுதியில் காற்றில் ஈரம் மிகும்; ஆல் விழுது விடும் காலம் அது. தட்டு மரத்தில் விழுது தோன்றினாலும் மண்ணைச் சேருமுன் முனை உலர்ந்து நின்றுவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழலை நீளவாட்டில் பிளந்து, ஈரமான தென்னைநார்த் தூளை உள்ளே அடைத்து, விழுதை அதனுள் வைத்துக் குழலின் மறுமுனையை மண்ணில் செருகினோம். 2024 நவம்பரில் மூன்று விழுதுகள் தோன்றின. ஒன்று உலர்ந்தது; இரண்டு மண்ணை அடைந்தன. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது, அவற்றில் ஒன்று பென்சில் பருமன் ஆகியிருந்தது. நிமிர்ந்த குடையாக இருந்த மரம், இன்று ஒருபுறம் சாய்ந்து, தன் விழுதையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கிறது. முன்னைவிட அரையடி குட்டை. முன்னைவிட அழகா என்று கேட்டால் நான் விடை சொல்லமாட்டேன். வேறு மரம்.

கை மாறும் மரம்

தட்டு மரங்கள் ஒரே கையில் முடிவதில்லை. ஹிரோஷிமா நகரில் யமாகி குடும்பத்தார் வளர்த்த வெள்ளைப் பைன் ஒன்று உண்டு. 1625 முதல் தட்டில் வளர்வதாக அதற்குக் கணக்கு. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், தோட்டத்துச் சுவரின் மறைவில் அது பிழைத்தது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்க மக்களுக்கு நன்கொடையாக அளித்தார். 2001இல் அவருடைய பேரன்மார் இருவர் வாஷிங்டன் நகருக்கு வந்து அம்மரத்தைக் காண விழைந்தபோதுதான், அது எதிலிருந்து தப்பி வந்தது என்பதை அங்கு அதைப் பேணி வந்தவர்கள் அறிந்தனர். எத்தனை தலைமுறைகளின் கைகள் அம்மரத்தில் பட்டிருக்கும்! ஒவ்வொருவரும் முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினர். எவரும் முன்னவராகிவிட முயலவில்லை.

இக்கட்டுரையைப் படிப்போரில் பலர் வீட்டில் போன்சாய் இராது. ஆனால் துளசியோ, கறிவேப்பிலையோ, செம்பருத்தியோ தொட்டியில் இருக்கும். அது நுனியிலிருந்து காயத் தொடங்கினால் இவற்றை நினைவிற்கொள்க. நீர் ஊற்றுமுன் ஈர்க்கை உருவிப் பார்க்க வேண்டும். வடிகால் துளையில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். கீறிப் பார்ப்பதை ஒருமுறையோடு நிறுத்தி, எல்லையில் ஒரு நூல் கட்டிவிட வேண்டும். தளிர் வரும்வரை உரமும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். தளிர் எங்கே வருகிறதோ, வடிவத்தை அங்கிருந்து யோசிக்க வேண்டும். நாம் விரும்பிய இடத்தில் தளிர் வராது.

சென்ற மாதம் மரம் மீண்டும் தட்டுக்கு மாற்றப்பட்டு, அம்மையாரின் வீட்டுக்குத் திரும்பியது. இருப்பிடம் பழைய மொட்டை மாடியே. தட்டின் ஓரத்தில் ஓர் ஈர்க்கு செருகப்பட்டிருக்கிறது. நான் சென்றிருந்தபோது பேத்தி பள்ளியிலிருந்து வந்து, மரம் ஏன் திரும்பி நிற்கிறது என்று கேட்டாள். அம்மையார் அவள் விரலைப் பிடித்து, முதலில் கம்பித் தழும்பின் மேலும், பிறகு ரம்பம் அறுத்த இடத்தில் புதுப்பட்டை சுருண்டு மூடி வரும் விளிம்பின் மேலும் வைத்தார்.

"இது தாத்தா கட்டினது. இது நான் வெட்டினது" என்றார்.